இணைய ஏலத்தில் பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்: எப்போது கேட்பது, எவ்வளவு வரை கேட்பது?

திருநகர் கார்ட்ரிட்ஜ் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் என் தந்தை டவுன்ஹால் ரோட்டில் வாங்கித் தந்த டிவி கேமில் கான்ட்ரா ஆடி வளர்ந்தவன். அந்தப் பெட்டி இன்றும் இயங்குகிறது. ஆனால் அதனுடன் வந்த கார்ட்ரிட்ஜ் பல ஆட்டங்களை ஒன்றாகத் திணித்த நகல் என்பதும், கோனாமி நிறுவனம் 1988இல் ஃபேமிகாம் என்ற ஜப்பானிய விளையாட்டுப் பெட்டிக்காக வெளியிட்ட அசலில் நிலைகளுக்கு இடையே கதைக் காட்சிகளும் காற்றில் அசையும் மரங்களும் உண்டு என்பதும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்குத் தெரிய வந்தன. அன்று முதல் அந்த அசலை, பெட்டியும் கையேடும் உள்ளதாக வாங்கிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஈபேயில் இதுவரை நான்கு ஏலங்களில் கேட்டுத் தோற்றிருக்கிறேன். முதல் மூன்றிலும் நாள்கணக்கில் முன்னிலையில் இருந்துவிட்டுக் கடைசி அரை நிமிடத்தில் பறிகொடுத்தேன். நான்காவதில் ஆத்திரம் தாங்காமல் மூன்று முறை உயர்த்திக் கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் முதலில் மனத்தில் வைத்திருந்த தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கட்ட வேண்டியிருந்திருக்கும் என்பதைப் பிறகு கணக்குப் பார்த்து அறிந்தேன். முன்கூட்டியே கேட்பது நல்லதா, கடைசியில் கேட்பது நல்லதா, உச்ச வரம்பை எப்படி முடிவு செய்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மேலூர்க்காரன்:

தம்பி, முதலில் அந்தத் தளம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்துவிடுவோம். ஈபேயில் நீங்கள் எழுதும் தொகை அப்படியே நீங்கள் கட்டும் தொகை அன்று. எதுவரை போகத் தயார் என்று நீங்கள் சொல்லிவைக்கும் வரம்பு அது. அடுத்தவரை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே உங்கள் சார்பில் படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும். ஆகையால் வென்றவர் கட்டுவது பெரும்பாலும் இரண்டாவதாக நின்றவரின் வரம்புக்கு மேல் ஒரு படிதான். இப்படி இரண்டாம் விலையைக் கட்டும் ஏலத்தில், தனக்குப் பொருள் எவ்வளவு பெறும் என்று நினைக்கிறாரோ அதையே மறைக்காமல் கேட்பவருக்கு இழப்பில்லை என்று பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961இலேயே காட்டியிருக்கிறார்.

அப்படியானால் எப்போது கேட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் வரம்பை எழுதிவைத்துவிட்டு ஒதுங்குகிறவர்களாக இருந்தால் ஒன்றுதான். ஆனால் தம்மை வேறொருவர் மிஞ்சிவிட்டார் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் இன்னும் இரண்டு டாலர், இன்னும் இரண்டு டாலர் என்று ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். நான்காவது ஏலத்தில் நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். ஆறு நாளுக்கு முன்பே கேட்பவர், அத்தகையவர்கள் யோசித்து யோசித்து ஏறுவதற்கு ஆறு நாள் அவகாசம் கொடுக்கிறார்.

எங்கள் பக்கத்தில் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும்போது, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். யாராவது வாய் திறந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அங்கே கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. ஈபேயில் மூன்றாம் தரத்தைச் சொல்வது கடிகாரம். அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இந்த ஒரு வேறுபாடு கேட்பவர்களின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. பொருளியல் அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும் அமேசான் அப்போது நடத்திவந்த ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். அமேசானில் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீளும்; ஈபேயில் நீளாது. கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் மிகுதி என்றும், ஈபேயிலும் கணினிகளைவிடப் பழம்பொருள்களில் மிகுதி என்றும் அவர்கள் கண்டார்கள். எது அரியது என்று தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அவர் கேட்டதே மற்றவர்களுக்குத் துப்பாகிவிடுகிறது அல்லவா? நம் கார்ட்ரிட்ஜுகளும் அந்த இனம்தான்.

ஆகவே கடைசிப் பத்து நொடிக்குள், ஒரே முறை, உங்கள் முழு வரம்பையும் எழுதுங்கள். வரம்பை முழு எண்ணில் நிறுத்த வேண்டாம். 25 டாலரிலிருந்து 100 டாலருக்குள் அங்கே ஒரு படி என்பது 1 டாலர். எதிரில் இருப்பவர் 60 என்று எழுதியிருக்க, நீங்கள் 60.37 என்று எழுதியிருந்தால், முழுப் படி மிஞ்சாவிட்டாலும் 60.37க்கு அது உங்களுக்கே படியும். இருவரும் 60 என்று எழுதினால் முன்னால் எழுதியவருக்குப் போய்விடும்.

புளியமரத்தில் நான் கற்ற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காய் முற்றும் முன்பே மகசூலை மதிப்பிட்டுக் கேட்கிறோம். பத்துப் பேர் பத்து விதமாக மதிப்பிட்டால், ஏலம் படிவது எல்லோரிலும் மிகையாக மதிப்பிட்டவர் பெயரில்தான். இணைய ஏலத்தில் நாம் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, படத்தை மட்டும் பார்க்கிறோம். எனவே உங்கள் மனம் சொல்லும் மதிப்பிலிருந்து ஒரு பங்கைக் குறைத்துவிட்டுத்தான் வரம்பை எழுத வேண்டும்.

வைகை வடகரை:

மேலூர் அண்ணன் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கடைசி நொடிக்காகக் காத்திருப்பது மனத்தை அடக்கத் தெரிந்தவருக்கே ஒத்துவரும். திரையில் நொடி குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலையில் 50 என்று முடிவு செய்த கை 70 என்று எழுதிவிடுகிறது. எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஏலம் முடிவதற்கு முந்தைய இரவு என் வரம்பை எழுதிவிட்டு, அறிவிப்புகளை அணைத்துவிட்டு உறங்கிவிடுகிறேன். சில பொருள்கள் கைவிட்டுப் போயின என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய எதற்கும் பிறகு வருந்தவில்லை.

நேரக் கணக்கையும் கவனியுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும் ஏலம், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்குத் திங்கள் காலை 6.30, மற்ற மாதங்களில் 7.30. அந்த வேளையில் போட்டி கடுமையாக இருக்கும். மாறாக, அங்கே விடியற்காலை 3 மணிக்கு முடியும்படி யாராவது ஏலத்தைத் தொடங்கிவிட்டால், கோடை மாதங்களில் அது நமக்குப் பகல் 12.30. தானாகக் கேட்கும் மென்பொருள் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அப்போது உறக்கத்தில் இருப்பார்கள். நான் பெட்டியுடன் வாங்கிய கேம் பாய் ஆட்டங்களில் பாதி அப்படிப்பட்ட வேளைகளில் கிடைத்தவை.

பழங்காநத்தம் சேகரிப்பாளர்:

எப்போது கேட்பது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் நம் ஊரில் இருந்து வாங்குபவர்கள் தவறுகிறார்கள். பொருளின் விலையிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாதீர்கள்; வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஆகும் மொத்தத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் அன்று, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகிறது. கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

உங்களால் மொத்தம் 10,000 ரூபாய்தான் செலவிட முடியும் என்று கொள்வோம். வரி விகிதம் மாறக்கூடியது. கணக்குக்காக 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கேட்கும் நாளில் உள்ளதைச் சரிபாருங்கள். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் 500, கார்டு கட்டணம் 4 விழுக்காடு, அனுப்பும் செலவு 2,000 என்றால், முதலில் 500ஐக் கழித்து மீதி 9,500ஐ 1.44ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஏறத்தாழ 6,600இல் அனுப்பும் செலவு போக, கார்ட்ரிட்ஜுக்கு நீங்கள் கேட்கக்கூடியது 4,600 ரூபாய் மட்டுமே. இதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் ஏலத்தில் இறங்கினால், 10,000 ரூபாய் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில் 8,000 வரை ஏறிவிடுவோம். வரியைத் தவிர்ப்பதற்காக விலையைக் குறைத்து எழுதும்படி விற்பவரிடம் கேட்க வேண்டாம். அது பொய்க் கணக்கு. பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

சந்தை விலையை அறிய, இப்போது விற்பனைக்கு இருப்பவற்றைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். விற்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். செய்தித்தாளில் வரும் விலைகளையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64 ஆட்டத்தின் பிரிக்கப்படாத பெட்டி ஒன்று ஹெரிட்டேஜ் ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அத்தொகையில் வாங்குபவர் மேல் விதிக்கும் 20 விழுக்காட்டுக் கட்டணமும் அடக்கம். ஆனால் 1996இல் வெளிவந்த அந்த ஆட்டம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அரியதாக இருந்தது அந்தப் பெட்டியின் சிதையாத நிலை மட்டுமே.

உங்களுக்கு வேண்டியது ஜப்பானியப் பதிப்பு என்பதால் யாஹூ ஜப்பான் ஏலத்தைப் பாருங்கள். அங்கிருந்து இந்தியாவுக்கு வாங்க இடைத்தரகுத் தளங்கள் உண்டு. அவர்களின் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு இரண்டையும் மேலே சொன்ன கணக்கில் சேருங்கள். அங்கே விற்பவர் விரும்பினால் நேர நீட்டிப்பை வைக்கலாம்: முடிவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் யாராவது உயர்த்திக் கேட்டால், நேரம் ஐந்து நிமிடம் நீளும். மேலூர் அண்ணன் சொன்ன "ஒரு தரம், ரெண்டு தரம்" ஏலம் அப்படியே அங்கே இருக்கிறது. அத்தகைய ஏலத்தில் கடைசி நொடிக் கேட்பு பயன் தராது. வரம்பை எழுதிவிட்டு விலகுவதே சரி.

அலங்காநல்லூர் அக்கா:

விலையைப் பற்றி எல்லோரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எந்த ஏலத்தில் கேட்கவே கூடாது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். முன்பக்கப் படம் ஒன்று மட்டும் போட்டிருந்தால், பின்பக்கத்தையும் இணைப்பு ஊசிகளையும் பெட்டியின் மூலைகளையும் காட்டும்படி செய்தி அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அந்த ஏலத்தை மறந்துவிடுங்கள். ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜுகள் பெரும்பாலும் திருகாணி இல்லாமல் கொக்கிகளால் பொருந்தியவை என்பதால், திறந்து காட்டச் சொல்லாதீர்கள். ஓடு விரிசல் விட்டுவிடும்.

கேட்டவர்களின் வரலாற்றையும் திறந்து பாருங்கள். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும், ஒருவர் மீண்டும் மீண்டும் அதே விற்பனையாளரிடம் மட்டுமே கேட்டு, எதையும் வெல்லாமல் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், விற்பவரே ஆள் வைத்திருக்கலாம். தளத்தின் விதி அதைத் தடை செய்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் உங்கள் வரம்பை முன்கூட்டியே எழுதினால், அதன் விளிம்பு வரை ஏற்றிவிடுவார்கள். வைகை வடகரை தம்பியின் முறை அங்கே மட்டும் உதவாது.

எனக்குக் கிடைத்த நல்ல பொருள்கள் தனி ஏலத்தில் கிடைத்தவை அல்ல. பரணைக் காலி செய்பவர்கள் இருபது முப்பது கார்ட்ரிட்ஜுகளை ஒரே குவியலாகப் போடுவார்கள். தலைப்பில் எந்த ஆட்டத்தின் பெயரும் இருக்காது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முதுகுச் சீட்டாகப் படிக்கும் பொறுமை உள்ளவருக்கு அது பயன் தரும். அதுபோன்ற குவியலில் மட்டும் கடைசி நொடி வரை வாய் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருநகர் கார்ட்ரிட்ஜ்:

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பின்னோக்கிக் கணக்கை நேற்றிரவு போட்டுப் பார்த்தேன். தோற்ற நான்கு ஏலங்களில் மூன்றில் நான் எழுதிய தொகையே என்னால் தாங்க முடியாதது என்று இப்போது தெரிகிறது. பெட்டியும் கையேடும் சேர்ந்ததற்கு என் வரம்பு போதாது. எனவே முதலில் தனிக் கார்ட்ரிட்ஜை மட்டும் ஜப்பானில் தேடப் போகிறேன். ஒரே ஒரு ஐயம்: கேட்பதற்கு முன், அது என் டிவி கேமில் பொருந்துமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

பழங்காநத்தம் சேகரிப்பாளர்:

உங்கள் பழைய நகல் கார்ட்ரிட்ஜின் ஊசிகளை எண்ணுங்கள். 60 இருந்தால் ஃபேமிகாம் வகை. அசலும் அதே துளையில் பொருந்தும், வேற்று நாட்டுப் பதிப்பைத் தடுக்கும் வட்டாரப் பூட்டும் ஃபேமிகாமில் இல்லை. என்இஎஸ் எனப்படும் அமெரிக்கப் பதிப்பு 72 ஊசி கொண்டது, அதற்கு இடைப்பொருத்தி தேவைப்படும். ஆகவே விவரத்தில் "என்இஎஸ்" என்று இருந்தால் விலை குறைவாகத் தெரிந்தாலும் கேட்காதீர்கள். நகல் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இயங்குவதில்லை என்பதால், இயக்கிப் பார்த்த படத்தை விற்பவர் போட்டிருக்கும் ஏலத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் திரையில் ஏதாவது கோளாறு வந்தால், அது கார்ட்ரிட்ஜிலா உங்கள் பெட்டியிலா என்று பிரித்தறிய முடியும்.