கஷ்ட நேரத்துல கூட நின்ன சபை நண்பர்கள்: உங்க மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கல்குளத்தான்
2021 மே மாசம், கொரோனா நேரம். அந்த மாசத்தப் பத்தி யாருக்கும் விளக்க வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க, அங்கிருந்து நேரா கல்லறைத் தோட்டம், கிட் போட்ட நாலு பேரு, எங்க சபைப் போதகர் ஐயர் தள்ளி நின்னு ஜெபம் பண்ணாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. நானும் அம்மாவும் பாசிட்டிவ், அதனால வீடியோ கால்லதான் பார்த்தோம். அன்னைக்கு சபை வாட்ஸ்அப் குரூப்ல அவ்வளவு மெசேஜ், பாதிக்கு மேல பைபிள்ல ரோமர் 8:28தான், சகலமும் நன்மைக்கு ஏதுவாம். எனக்கு போனைத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு.

ராத்திரி 8 மணி இருக்கும், கேட்டுல சத்தம். ஜன்னல் வழியா பார்த்தா கொயர்ல என் பக்கத்துல நின்னு டெனர் பாடுறவன். கேட்டுல ஒரு தூக்குவாளிய மாட்டிட்டு எதிர்ச் சுவர் ஓரமா பைக்க நிறுத்தி அதுலயே உக்காந்துட்டான், ஹெல்மெட்டக் கூட கழட்டல, கூப்பிடல, போனும் பண்ணல. எனக்கு அப்ப யார் மூஞ்சியும் பாக்க முடியல, அவன் போகட்டும்னு வாசல் லைட்ட அணைச்சேன். ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்தா இருட்டுக்குள்ள அப்படியேதான் இருக்கான். தூக்குவாளியில மிளகு ரசம், ரெண்டு நாளா எதுவும் சாப்பிடாத அம்மா அதைத்தான் வாயில வச்சாங்க.

ஆனா என்னை அரிக்கிறது அது இல்ல. 2023ல அவன் அம்மா இறந்தாங்க, ஷார்ஜால இருந்து ஓடி வந்தான். நான் சென்னைல, ஆபீஸ்ல வேலை நெருக்கடி, போகல. கும்பிடுற எமோஜி ஒண்ணு அனுப்பினேன். "தேங்க்ஸ் மக்கா"ன்னு பதில் போட்டான். அந்த மக்காதான் இன்னைக்கும் தூங்க விடல.

கரைக்காரன்
நாங்க ஆர்சி, தூத்தூர் பக்கம். ஒக்கி புயல் சமயம், 2017 டிசம்பர். குழித்துறை ஸ்டேஷன்ல ரயில மறிச்சு உக்காந்தோமே, அதுக்கு அப்புறம் ஒரு நாள். என் கூட்டாளியோட தம்பி படகோட காணல. திருவனந்தபுரத்துல கரை ஒதுங்கின உடம்புகள அடையாளம் பாக்க ரெண்டு பேரும் போனோம். முகம் தெரியாது, துணி, அரைஞாண், கழுத்துல கிடக்கிற உத்தரியம் (நாங்க பக்திக்குப் போடுற துணி மாலை) இப்படி எதையாவது வச்சுத்தான் பாக்கணும், அதுவும் இல்லன்னா ரத்தம் எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட்டுதான்.

மார்ச்சுவரி கதவுகிட்ட போனதும் அவன் கையில இருந்த செபமாலைய என் கையில திணிச்சான், "நீ சொல்லுடே, எனக்கு அருள்நிறை மரியே மறந்துட்டு"ன்னான். சின்ன வயசுல இருந்து தினமும் சாயங்காலம் சொல்ற செபம். அவன் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் வராந்தால நின்னு நான் சொன்னேன், எத்தனை தடவ சொன்னேன்னு கணக்கு தெரியல. தம்பி அங்க இல்ல. கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. அந்தச் செபமாலை இப்பவும் என்கிட்டதான் இருக்கு, அவனும் கேட்கல, எனக்கும் திருப்பிக் குடுக்க மனசு வரல.

பாளை_ஜாஸ்மின்
கல்குளத்தான் அண்ணா, யோபு 2:13 பாருங்க. எல்லாத்தையும் இழந்த யோபுவோட மூணு நண்பர்களும் ஏழு நாள் ராப்பகலா அவர்கூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. வாயத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு. உங்க நண்பர் அந்த ஏழு நாளப் புரிஞ்சவர்.

சண்டே ஸ்கூல் டீச்சர்
ஜாஸ்மின், கோச்சுக்காதீங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல. என் வீட்டுக்காரர் கடை நொடிச்சப்ப சபைல இருந்து வந்தவங்க எல்லாரும் அமைதியா உக்காந்து காபி குடிச்சிட்டு "ஜெபத்துல நினைச்சுக்கிறோம்"னு போயிட்டாங்க. மாதர் சங்கத்துல ஒரு அக்கா மட்டும் கடன் நோட்டக் கொண்டான்னு வாங்கி, யாருக்கு முதல்ல குடுக்கணும்னு பென்சில்ல நம்பர் போட்டாங்க. அவ்வளவுதான் என் கதை.

மாற்கு 2ல திமிர்வாதத்துல முடங்கிக் கிடந்தவன இயேசுகிட்ட சுமந்துட்டு வந்த நாலு பேரும் அவன் பக்கத்துல உக்காந்து அழல, அவன உள்ள இறக்கக் கூரையப் பிரிச்சாங்க! துக்க வீட்டுக்குப் போறவங்க தயவுசெஞ்சு "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லாதீங்க, கஷ்டத்துல இருக்கிறவங்க வாயத் திறந்து கேக்கவே மாட்டாங்க. நாளைக்குக் காலைல இட்லி கொண்டு வரேன், பிள்ளைய நான் ஸ்கூல்ல விடுறேன்னு சொல்லுங்க. இறப்புச் சர்டிபிகேட்டுக்கு அலையிறது, பேங்க்ல நாமினி பேப்பர், கேஸ் புக் பண்றது, இதெல்லாம் யாராவது ஒருத்தர் எடுத்துக்கணும். முக்கியமா நாப்பது நாள் கழிச்சுப் போங்க. முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும், அப்புறம் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெறும் வீட்டுக்குத் திரும்பி வர்றது இருக்கே, அது அனுபவிச்சாத்தான் தெரியும்.

மழைத்துளி
டீச்சர், அந்தத் தம்பி ரசமும் கொண்டு வந்துதே, அத விட்டுட்டீங்களே.

என்னோடது சின்னது. மூணாவது மாசத்துல கலைஞ்சிருச்சு, ரெண்டாவது தடவ. எங்க ஜெபக் குழுவுல ஒரு ஆன்ட்டி வந்து விசுவாசம் பத்தலன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதைக் கேட்டும் நான் அழல, மரம் மாதிரி படுத்திருந்தேன். மத்தியானம் என் ஃப்ரெண்ட் வந்தா, ஒண்ணும் கேக்காம பாத்ரூம் பக்கெட்ல ஊறப் போட்டிருந்த பெட்ஷீட்ட எடுத்துட்டுப் பின்னாடி போனா. துவைக்கிற கல்லுல அவ அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நிறுத்தி நிறுத்தி அடிச்சா, நடுவுல மூக்கு உறிஞ்சுற சத்தம். அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. அவ உள்ள வரல, கொடில காயப் போட்டுட்டு அப்படியே போயிட்டா. நாங்க ரெண்டு பேரும் இதப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல.

சண்டே ஸ்கூல் டீச்சர்
மழைத்துளி, மன்னிச்சிரும்மா. ரசத்த நான் கவனிக்கல.

கல்குளத்தான்
எல்லாத்தையும் படிச்சேன். டீச்சர் சொன்ன நாப்பது நாள் எப்பவோ தாண்டிருச்சு. இங்க இப்ப பத்தே கால், ஷார்ஜால எட்டே முக்கால்தான், முழிச்சிருப்பான். கூப்பிடப் போறேன், என்ன பேசுறதுன்னு தெரியல.