மகளுக்கு அம்மை போட்டிருக்கு, ஒரே வீட்டில் கர்ப்பிணி. என்ன செய்யணும்?

தாராவி அம்மா:
மகளுக்கு 5 வயசு. நேத்து முதுகுல ரெண்டு கொப்புளம். இன்னைக்கு நெஞ்சு, வயிறு, தலைமுடிக்குள்ளகூட. ஒரு இடத்துல வெறும் சிவப்புப் புள்ளி, பக்கத்துலயே பனித்துளி மாதிரி நீர் கோத்துக்கிட்டு நிக்குது. சின்னம்மைதான்னு அத்தை சொல்றாங்க. வாசல்ல வேப்பிலை செருகியாச்சு. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் மருந்துப் பேச்சே எடுக்கக்கூடாதாம்.

எனக்குப் பயமெல்லாம் ஓரகத்தியை நினைச்சுத்தான். மூணாம் மாசம். 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரே ரூம்ல எல்லாரும் படுக்கிறோம். சின்ன வயசுல அம்மை போட்டுச்சான்னு அவளுக்குத் தெரியலை, ஊர்ல கேட்டாலும் சரியா சொல்ல ஆளில்லை.

மாட்டுங்கா நர்ஸக்கா (ஓய்வு):
தங்கச்சி, முதல்ல ஓரகத்தியைக் கவனிங்க. இன்னைக்கே அவளைப் பார்க்கிற டாக்டருக்கு போன் போட்டு, வீட்டுல அம்மைன்னு சொல்லுங்க. சொல்லாமப் போய் மத்த கர்ப்பிணிகளோட வரிசையில உட்கார வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு ரத்தத்துல பார்ப்பாங்க. இருந்தா கவலையில்லை. இல்லாட்டி 10 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் ஊசி (எதிர்ப்புச் சக்தியையே நேரா உடம்புக்குள்ள ஏத்துறது) போடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சின்னம்மைத் தடுப்பூசி மட்டும் கர்ப்பத்துல கூடாது.

கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இது பரவ ஆரம்பிச்சிரும். அதனால அவளை வேற வீட்டுக்கு அனுப்பினா, அங்க கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கக்கூடாது. அவளுக்கு ஒட்டியிருந்தா வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும்.

அத்தை மனசை நோகடிக்காதீங்க. எத்தனையோ பிள்ளைகளை வேப்பிலைப் படுக்கையில பார்த்துக்கிட்ட தலைமுறை அவங்க. வேப்பிலை இருக்கட்டும், இளநி குடுக்கட்டும். ஆனா டாக்டர்கிட்டயும் காட்டணும். உடைஞ்ச கொப்புளத்துல எதையும் அரைச்சுப் பூச வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில தினமும் குளிப்பாட்டலாம். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் தடவுங்க. நகத்தை ஒட்ட வெட்டிருங்க, சொறிஞ்சா சீழ் வச்சு வடு நிக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேத்த அளவு. ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபென் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் முழிக்காமத் துவண்டாலோ, நடை தள்ளாடினாலோ உடனே சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

செம்பூர்க்காரர்:
வீட்டு ஆம்பளைங்களையும் விசாரிங்க. எனக்கு 34 வயசுல போட்டு, நெஞ்சுல சளி இறங்கி ஆஸ்பத்திரியில படுத்தேன். பெரியவங்களுக்குக் கொப்புளம் கிளம்பின 24 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்தை ஆரம்பிச்சா நல்லாக் கேக்கும். சின்னம்மை ஊசி அரசாங்க இலவசப் பட்டியல்ல இல்லை, தனியாத்தான் போடணும், ரெண்டு தவணை. அம்மை வராத மத்த பிள்ளைகளுக்கு 3 முதல் 5 நாளுக்குள்ள போட்டாலும் பலன் உண்டு.

தாராவி அம்மா:
ரத்தம் குடுத்தாச்சுக்கா, நாளைக்கு ரிசல்ட். அத்தையே கூட வந்தாங்க. மகளை எப்போ ஸ்கூலுக்கு அனுப்பலாம்?

மாட்டுங்கா நர்ஸக்கா (ஓய்வு):
நல்லதும்மா. கடைசிக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்குத் தட்டணும், பெரும்பாலும் ஒரு வாரம். பொருக்கு உதிரணும்னு இல்லை. ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க.