பிரிண்ட் செய்த கட்டியிடம் ஏமாந்த கதைகள்: உங்களுடையது எது?

கணையக்காரன்

புற்றுச் செல்லை ஜெல்லில் கலந்து 3டி பிரிண்டரில் கட்டி மாதிரி அச்சிட்டு மருந்து சோதிக்கிறோமே, அந்த வேலையில் பார்த்த ஒரு சிவப்புப் பட்டை இரண்டு வருஷமாக என்னை விடவில்லை. எழுதித் தொலைத்தாலாவது போகிறதா பார்ப்போம்.

கணையப் புற்றுச் செல், ஜெல்மா (ஒளி பட்டால் இறுகும் ஜெலட்டின்), நீல ஒளியில் இறுக்கியது. வழக்கமான கூத்துதான். இடுக்கியில் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று வட்டுகளை 2 மி.மீ. தடிமனில் பிரிண்ட் செய்தேன். ஒரு வாரம் வளர்த்து, ஜெம்சிடாபின் என்ற புற்று மருந்தைப் போட்டு, உயிருள்ள செல்லைப் பச்சையாகவும் செத்ததைச் சிவப்பாகவும் காட்டும் சாயம் ஏற்றிக் குறுக்கே வெட்டினால் மேலும் கீழும் பச்சை, நடுவில் பட்டையாகச் சிவப்பு. மருந்து உள்வரை போய்க் கொன்றிருக்கிறது என்று கைடிடம் சொன்னேன். அவர் அன்று மதியமே அந்தப் படத்தைக் கூட்டத்தில் காட்டிவிட்டார்.

சாயங்காலம், மிச்சமிருந்த கன்ட்ரோல் வட்டு ஒன்றைத் தூக்கிப்போடும் முன் சும்மா வெட்டிப் பார்த்தேன். மருந்தே படாத வட்டு. அதே இடத்தில் அதே சிவப்பு. மைக்ரோஸ்கோப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், ஏதோ அதன் கோளாறு மாதிரி. பட்டை அப்படியே இருந்தது. ஆக்சிஜன் 200 மைக்ரானை (0.2 மி.மீ.) தாண்டாது என்பது முதல் வருஷப் பாடம். செல்களை நான் மூச்சுமுட்ட வைத்துக் கொன்றுவிட்டு மருந்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஊதா

எனக்கு நடந்தது தலைகீழ். பெருங்குடல் செல், ஆல்ஜினேட் கலந்த பயோஇங்க் (செல் கலந்து பிரிண்ட் செய்யும் ஜெல்), நாலு மாதம் மல்லாடிச் சரிசெய்த கலவை. எம்டிடி போட்டேன் (உயிருள்ள செல் அதை ஊதாச் சாயமாக மாற்றும், நிறத்தை ரீடர் அளக்கும்), ரீடரில் எண் படுபாதாளத்தில். பிரிண்ட் செய்யும்போதே செல்லெல்லாம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி அந்தக் கலவையையே கைவிட்டேன்.

தட்டைக் கழுவப் போனபோதுதான் கண்ணில் பட்டது. மேலே திரவம் வெளிர் நிறம். அடியில் ஒவ்வொரு வட்டும் கறுக்கிற அளவுக்கு ஊதா. உயிருள்ள செல் உண்டாக்கிய சாயம் மொத்தமும் ஜெல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, வெளியே வந்தால்தானே ரீடருக்குத் தெரியும்? எண்ணை மட்டும் பார்த்தேன், வட்டைப் பார்க்கவில்லை.

அப்புறம் கணையக்காரன், அந்த 200 மைக்ரான் எல்லாம் செல் நெருக்கியடித்துக் கிடக்கும் திசுவுக்கு. ஜெல்லில் செல் குறைவாக இருந்தால் ஆக்சிஜன் இன்னும் ஆழம் போகும். மில்லிக்கு எவ்வளவு போட்டீர்கள்? வட்டு தட்டின் அடியில் கிடந்தால் கீழ்ப்பக்கம் பச்சையாக இருக்கவே முடியாது, அங்கே ஆக்சிஜன் ஏது?

கணையக்காரன்

மில்லிக்கு ஒரு கோடி. ஒரு வாரத்தில் பெருகியது தனி. தட்டில் இல்லை, வலை வைத்த இன்சர்ட்டில் வைத்தேன், கீழேயும் மீடியம் (செல் வளரும் திரவம்) உண்டு. பட்டை இருந்தது ஐயா, நான் பார்த்தேன்.

25கேஜ்

என் கதை சின்னது. ராத்திரி 11 மணி, அறை ஏசி குளிரில் ஜெல்மா நாசிலுக்குள் இறுகிவிட்டது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பட்டென்று மொத்தமும் ஒரே சொட்டாகத் தட்டில் விழுந்தது. உள்ளே இருந்தது நோயாளியின் கட்டிச் செல். அடுத்த குழாய் கிடையாது. அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது நிறைய. அடைத்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், சூட்டைச் சரிசெய்யுங்கள். நாசில் சுவரை ஒட்டிப் போகும் செல்தான் அதிகம் கசங்கும். நீளமான ஊசியைவிடக் கூம்பு முனைக்கு அழுத்தம் குறைவாகப் போதும். பிரிண்ட் செய்த ஒரு மணி நேரத்தில் எடுக்கும் உயிர்-சாவுப் படத்தை நம்பவே நம்பாதீர்கள். அடிபட்ட செல் உடனே சாகாது, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 405 நானோமீட்டர் விளக்கு நாளாக நாளாக மங்கும், போன வருஷ நொடிக்கணக்கை இந்த வருஷம் போட்டால் ஜெல் தளர்வாகத்தான் வரும், மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை: இங்க் நீர்க்க இருந்தால் சிரிஞ்சுக்குள் செல் மெல்ல அடியில் படியும். முதல் வட்டிலும் கடைசி வட்டிலும் செல் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. முதல் பத்தைக் கன்ட்ரோல், அடுத்த பத்தை மருந்து என்று வரிசையாக எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது மருந்தின் விளைவு இல்லை, வரிசையின் விளைவு. கலைத்துப் போடுங்கள். பிரிண்ட் செய்யாமல் அச்சில் ஊற்றிய ஜெல் ஒன்றும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊதா

கதை ஆறு வரி, உபதேசம் அரைப் பக்கம். (அந்தப் படிகிற விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.)

நார்த்திசு

கணையக் கட்டி என்றால் செல்லைவிட அதைச் சுற்றியுள்ள நார்தான் பெரிது என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் பிரிண்ட் செய்யும்போது புற்றுச் செல்லை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நாரை உண்டாக்கும் கணையத்தின் ஸ்டெல்லேட் செல்லையும் கொலாஜனையும் சேர்த்து நான் ஒருமுறை போட்டேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் என் நேர்த்தியான சதுரக் கட்டத்தைக் காணோம். நடுவில் ஒரு சுருண்ட சருகு. ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“பிரிண்ட் நிக்கலையே” என்றார் கைடு. ஆமாம் சார் என்று குப்பையில் போட்டேன். அடுத்த தடவை சுருங்காத கலவை, ஸ்டெல்லேட் செல் இல்லை, கட்டம் அழகாக நின்றது, படமும் அச்சானது.

பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. அந்தச் செல்கள் கொலாஜனைப் பிடித்து இழுத்து இறுக்கியிருக்கின்றன. உடம்புக்குள் கட்டி கல்லாக இறுகுவதும் அப்படித்தானே? எது நிஜக் கட்டி மாதிரி நடந்துகொண்டதோ அதைக் குப்பையில் போட்டுவிட்டு, வடிவம் நின்றதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எலியை நம்பியும் இங்கே சூடுபட்டிருக்கிறார்கள். நாரைத் தளர்த்தினால் ஜெம்சிடாபின் உள்ளே போகிறது என்று 2009-ல் எலியில் காட்டினார்கள். அதே வழியில் மனிதர்களிடம் நடத்திய சோதனையை 2012-ல் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. நாரைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்தவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது.

மூன்றாம்ஷிப்ட்

மைக்கோபிளாஸ்மா, செல்லில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா. எட்டு மாதம். மீடியம் ஒருநாளும் கலங்கவில்லை. வேறு எதுவும் சொல்ல மனசில்லை.

ஐஸ்பெட்டி

நான் பிரிண்டர் பக்கம் போவதில்லை. அறுவை அரங்கிலிருந்து கட்டித் துண்டை வாங்கிக்கொண்டு வருவதும், அதற்குமுன் கையெழுத்து வாங்குவதும் என் வேலை.

பெருங்குடல் கட்டி. கையெழுத்தின்போது மகள்தான் பேசினார். “அப்பாவோட கட்டியை அங்க வளர்ப்பீங்களா?” என்றார். ஆமாம்மா, ஆராய்ச்சிக்காக என்றேன். “அப்ப எந்த மருந்து கேக்கும்னு அதுலயே பாத்துச் சொல்லிடுவீங்கல்ல?” முடிவு எதையும் தனியாகத் தெரிவிக்க மாட்டோம் என்று படிவத்திலேயே இருக்கிறது. அதைப் படித்தும் காட்டினேன். படித்துக் காட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, “பார்க்கலாம்மா” என்று சொல்லிவிட்டேன்.

குடலிலிருந்து வரும் துண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கிருமியோடுதான் வரும். இரண்டாம் நாள் மீடியம் மஞ்சளாகிக் கலங்கிவிட்டது. பிரிண்ட் வரைக்கும் போகவே இல்லை, பிளீச் ஊற்றிக் கொட்டினோம்.

மூன்று வாரம் கழித்து வராந்தாவில் அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். “அது எப்படி இருக்கு?” என்று கேட்டார். ஊரில் விட்டுவந்த பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி. எங்களிடம் நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது, எனக்குத் தெரியாதும்மா என்றேன். நம்பர் மட்டும் இருக்கும் என்பது உண்மைதான். அந்த வாரம் வந்தது ஒரே ஒரு துண்டு என்பதும் உண்மை.

25கேஜ்

துண்டு வந்ததும் ஜென்டாமைசின், ஆம்போடெரிசின் கலந்த குளிர்ந்த பஃபரில் நாலைந்து தடவை கழுவவேண்டும். நடுப்பகுதி அழுகியிருக்கும், ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மகள் கேட்டதில் தப்பே இல்லை. 2018-ல் சயன்ஸ் இதழில் குடல், இரைப்பைப் புற்று நோயாளிகளின் ஆர்கனாய்டை (கட்டிச் செல்லிலிருந்து வளர்த்த குட்டிக் கட்டி) வைத்து, மருந்து கேட்குமா என்பதை 100% சென்சிடிவிட்டி (கேட்பவர்களைத் தவறவிடாமை), 93% ஸ்பெசிபிசிட்டியோடு (கேட்காதவர்களைச் சரியாகக் காட்டுவது) காட்டினார்கள். ஆர்கனாய்டில் கேட்காத மருந்து நோயாளிக்கும் கேட்கவில்லை.

நார்த்திசு

அது மெட்ரிஜெல் என்ற ஜெல்லில் வளர்த்த ஆர்கனாய்ட். பிரிண்ட் இல்லை, நாரும் இல்லை. அதோடு, வளர்ந்து வந்த துண்டுகளின் கணக்கு அது. கலங்கிப்போன துண்டு அந்தக் கணக்குக்குள் வராது. தவிர, ஐஸ்பெட்டி கேட்டது ஆன்டிபயாட்டிக் இல்லை.

ஐஸ்பெட்டி

ஜென்டாமைசினில்தான் கழுவினோம். ஐந்து தடவை.

ஊதா

கணையக்காரன், கடைசியில் கைடிடம் சொன்னீர்களா?

கணையக்காரன்

மறுநாளே சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, கன்ட்ரோல் படத்தையும் பக்கத்தில் போட்டுவிடு என்றார். போட்டேன். 400 மைக்ரானில் திரும்பச் செய்தேன், பட்டை போய்விட்டது, மருந்தின் வேலையும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அந்தப் பழைய படம் மட்டும் தனியாக, பெரிதாக, துறை வாசல் போஸ்டரில் இருக்கிறது. பச்சை-சிவப்பு-பச்சை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.