புதுப்பிப்பு: சீகன்பால்கு என்ற குடும்பப் பெயர்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் கிறித்தவ மிஷனரி சீகன்பால்கு ஐயரின் குடும்பப் பெயருக்கு 'ஆட்டுக்குட்டி' என்று போன வாரம் பொருள் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திவிடுகிறேன்.

ஜெர்மன் மொழியில் 'சீகன்' ஆடு, அது சரி. 'பால்க்' என்பது உரித்த தோல். சேட்டை செய்யும் பிள்ளையையும் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள், அங்கேதான் வழுக்கினேன். கொல்லர் துருத்திக்கு ஜெர்மனில் 'பிளாசபால்க்', அதாவது ஊதும் தோல். நம் ஊர்த் துருத்தியும் ஆட்டுத்தோலில் தைத்ததுதானே! தோல் வேலை பார்த்த மூதாதை ஒருவரின் பட்டப்பெயர் குடும்பத்துக்கு நிலைத்திருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முல்லர், ஷ்மிட் போல ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற பெயரில்லை. ஐயர் 1682-இல் பிறந்தது சாக்சனியின் புல்ஸ்னிட்ஸில். ஜெர்மனியில் அரிதான பெயர், தரங்கம்பாடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.