பேஸ்பால் பேட்டிங் வரிசை: சிறந்த பேட்டரை மூன்றாம் இடத்தில்தான் இறக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் அணியின் பேட்டிங் வரிசையை எழுதும் பொறுப்பு இந்தப் பருவத்தில் என்னிடம் வந்திருக்கிறது. வேகமாக ஓடுபவர் முதலில், பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) ஆடத் தெரிந்தவர் இரண்டாவது, மிகச் சிறந்த பேட்டர் மூன்றாவது, பலமாக அடிப்பவர் நான்காவது என்பதுதான் இதுவரை இருந்த வழக்கம். முதலில் இறங்குபவர் பேஸ் திருடுவதில் (யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த நிலைக்கு, ஓடிவிடுவதில்) கெட்டிக்காரர்தான். ஆனால் கண்ட பந்தையெல்லாம் துரத்துவார், வாக் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கவே மாட்டார். சென்ற ஆட்டத்தில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, எங்கள் சிறந்த பேட்டர் அடுத்து இறங்குவதற்காக வட்டத்தில் மட்டையோடு நின்றுகொண்டிருக்க, இரண்டாமவர் அவுட்டாகி ஆட்டம் முடிந்துவிட்டது. வரிசையை மாற்றலாமா?

பதில் 1

தாராளமாக மாற்றலாம். ஒவ்வோர் ஆட்டமும் வரிசையில் யாரோ ஒருவரோடு முடிகிறது; அது எவராகவும் இருக்கலாம் என்பதால், ஒருவரை ஓர் இடம் மேலே ஏற்றினால் ஏறக்குறைய ஒன்பது ஆட்டங்களுக்கு ஒரு முறை அவருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைக்கும். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் 162 ஆட்டங்களில் அது சுமார் 18 வாய்ப்புகள்.

மூன்றாம் இடத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. முதல் இன்னிங்ஸில் முன்னவர் இருவரும் அவுட்டாகிவிட்டால், இவர் காலியான பேஸ்களோடு இறங்குவார்; மூன்றாவது அவுட்டோடு அணியின் முறை முடிந்துவிடும் என்பதால், இரண்டு அவுட்டுக்குப் பிறகு அடிக்கும் ஒற்றை அடி (முதல் பேஸ் வரை மட்டும் கொண்டுசேர்க்கும் அடி) ஓட்டமாக மாறுவது அரிது. ஆகவே உங்கள் தலைசிறந்த மூவரை 1, 2, 4 ஆகிய இடங்களில் வையுங்கள். புள்ளிவிவர ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்.

பதில் 2

முதல் இடத்துக்கு ஓட்ட வேகத்தைவிட, அவுட்டாகாமல் பேஸை அடையும் விகிதம்தான் முக்கியம். 2023-இல் பிலடெல்பியா பில்லீஸ் அணிக்குப் பெரும்பாலும் முதலில் இறங்கிய கைல் ஷ்வார்பரின் பேட்டிங் சராசரி வெறும் .197, ஆனால் 126 முறை வாக் வாங்கியதால் அவருடைய ஆன்-பேஸ் விகிதம் (பேஸை அடையும் விகிதம்) .343 ஆயிற்று. அதோடு 47 ஹோம் ரன்கள் (எல்லாப் பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவரச் செய்யும் அடிகள்). ஓட்டத்தில் அவர் வேகமானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்!

உங்கள் வேகக்காரரை ஆறாம் இடத்துக்கு அனுப்புங்கள். பின்னால் ஹோம் ரன் அடிப்பவர் நிற்கும்போது இரண்டாம் பேஸைத் திருடுவதில் லாபம் குறைவு, அவுட்டானால் நஷ்டம் பெரிது. ஒற்றை அடி மட்டுமே அடிப்பவர் பின்னால் வந்தால் அந்தத் திருட்டு ஓட்டமாக மாறும்.

ஒன்பதாம் இடத்தையும் அலட்சியமாக நிரப்பாதீர்கள். வரிசை ஒரு வட்டம். முதல் சுற்றுக்குப் பிறகு ஒன்பதாமவர்தான் முதலாமவருக்கு முன்னால் இறங்குபவர். 1998-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேலாளர் டோனி லா ரூசா, பலமாக அடிக்கும் மார்க் மக்வயர் இறங்கும்போது பேஸ்களில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக, வழக்கமாக ஒன்பதில் இறங்கும் பிட்சரை (பந்து வீசுபவரை) எட்டாம் இடத்துக்கு ஏற்றி, வேறொருவரை ஒன்பதில் வைத்தார்.

பதில் 3

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே ஒன்பது பேரை எவ்வளவு நுட்பமாக அடுக்கினாலும், ஒரு முழுப் பருவத்தில் ஒன்றிரண்டு வெற்றிகளுக்கு மேல் தேறாது. பழகிய இடத்தை விட்டு நகர்த்தப்படும் ஆட்டக்காரரிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இடக்கை பேட்டர்கள் பொதுவாக இடக்கைப் பிட்சரிடம் தடுமாறுவார்கள்; எனவே அவர்களை அடுத்தடுத்து அடுக்காமல் இடையிடையே வலக்கையரை வைத்தால், எதிரணி ஓர் இடக்கைப் பிட்சரைக் கொண்டுவந்து எல்லாரையும் ஒரே மூச்சில் முடிப்பதைத் தடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட, எழுதிய வரிசைப்படியே ஆட்கள் இறங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரிசையை மாற்றிய முதல் ஆட்டத்தில், பழைய நினைப்பில் ஐந்தாமவர் நான்காமவருக்கு முன்னால் இறங்கி அருமையான இரட்டை அடி (இரண்டாம் பேஸ் வரை கொண்டுசேர்க்கும் அடி) அடித்தார். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் எதிரணி முறையிட்டது. விதிப்படி, மட்டையையே தொடாத நான்காமவர் அவுட். இரட்டை அடி ரத்து. ஐந்தாமவரே மறுபடியும் இறங்க வேண்டியதாயிற்று. இம்முறை மூன்றே பந்துகளில் ஸ்ட்ரைக் அவுட்டாகித் திரும்பினார்.