மாலை வெயிலில் ஜப்பானிய மேப்பிள்: இலை ஓரம் கருகுகிறது, இடம் மாற்றலாமா?

இலையோரம்:
வணக்கம். பிளட்குட் ரகம், ஒட்டுக்கன்று. மண்ணில் வைத்து இது இரண்டாம் ஆண்டு. உயரம் நாலரை அடி, தண்டு கட்டைவிரல் பருமன். வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்கிறது. முற்பகல் முழுக்க வீட்டு நிழல், அதன்பின் பொழுது சாயும்வரை நேர்வெயில்.

துளிர்த்தபோது நல்ல அடர்சிவப்பு. கோடை முற்றியதும் இலையின் ஒவ்வொரு விரல்நுனியும் பழுப்பாகி, தொட்டால் நொறுங்குகிறது. நரம்பை ஒட்டிய பகுதி மட்டும் சிவப்பாகவே இருக்கிறது. உச்சியிலும் மேற்குப் பக்கத்திலும்தான் அதிகம். தினமும் சாயங்காலம் குழாயில் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுகிறேன். அடியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருக்கிறது. கருகல் தொடங்கியதும் தழைச்சத்து உரம் ஒரு கைப்பிடி போட்டேன்.

இது நோயா, வெயிலா? இடம் மாற்றுவதென்றால் எப்போது? கருகிய இலைகளைக் கிள்ளிவிடலாமா?

வேரடிமண்:
நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் வெயில் கருகலுக்கே பொருந்துகிறது. இலை ஆவியாக விடும் தண்ணீரை வேர் அதே வேகத்தில் மேலே அனுப்ப முடியாதபோது, இலைக்குள் தண்ணீர் ஓடும் பாதையின் கடைசியில் இருக்கும் ஓரமும் நுனியும்தான் முதலில் காயும். அதனால்தான் நரம்போரம் தப்பித்திருக்கிறது. சூடான காற்று வீசினால் நிழலில் நிற்கும் மரத்துக்கும் இதே கதிதான்.

நோய் என்று பயப்பட வேண்டியது மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வரும் வெர்டிசிலியம் வாடலுக்கு. அது பெரும்பாலும் இப்படி எல்லா நுனியிலும் பரவலாக வராது. திடீரென்று ஒரு கிளை மட்டும் இலையோடு தொங்கிவிடும். சந்தேகம் இருந்தால் வாடிய கிளையில் பட்டையைச் சீவிப் பாருங்கள். உள்கட்டையில் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கோடுகள் ஓடினால் அந்த நோயாக இருக்கலாம். கட்டை வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

உங்கள் இடத்தில் மூன்று சூடு சேருகிறது: மாலை வெயில், சுவர் திருப்பி அடிக்கும் அனல், கூழாங்கல்லின் வெளிச்சம். கல்லை இன்றே அள்ளிவிடுங்கள். ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே இலைச்சருகு மெத்தையில் வேர் பரப்பும் மரம் இது. வேர் மேலாகவே ஓடும். மேல்மண் சுட்டால் முதலில் அடிபடுவது உறிஞ்சும் மெல்லிய வேர்கள்தான். மரப்பட்டைத் துண்டு அல்லது இலைச்சருகு மூடாக்கு மூன்று அங்குலக் கனம், இரண்டடி ஆரத்துக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும், மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை அழுகும்.

இலையைக் கிள்ளாதீர்கள். பாதி இலை இன்னும் உணவு செய்துகொண்டிருக்கிறது. உரத்தையும் நிறுத்துங்கள். தழைச்சத்து இப்போது இளந்துளிரைத்தான் தள்ளும், அது முற்றிய இலையைவிட வேகமாகக் கருகும். உரத்தின் உப்பும் வேரிலிருந்து ஈரத்தை இழுக்கும். உரம் தேவைப்பட்டால், மொட்டு விரியும் முன் மெதுவாகக் கரையும் வகையைக் குறைந்த அளவில், வருடத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

களிமண்காரர்:
மேலே சொன்னது சரி. ஆனா தண்ணீரைப் பத்திப் பேசாம விட்டுட்டீங்க, எனக்கு அங்கதான் சந்தேகம். தினமும் ஐந்து நிமிஷம்னா மேல ரெண்டு அங்குலம்தான் நனையும். தொட்டியிலிருந்து வந்த கன்னுன்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. அந்த வேர்ப்பந்து, அதாவது வேரோட உருண்டையா வந்த மண், பீட்டும் (மக்கின சதுப்புப் பாசி) மரப்பட்டையும் சேர்ந்த கலவை. சுத்தி இருக்கிறது உங்க தோட்டத்து மண். கலவை ஒருதடவை எலும்பாக் காஞ்சா தண்ணியை ஏத்துக்காது, பக்கத்துல வழிஞ்சு ஓடிடும். வெளிமண் சேறா இருக்கும், பந்துக்குள்ள தூசி பறக்கும்.

சோதிச்சுப் பாருங்க: தண்ணி விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, தண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி சின்னக் கரண்டியால அரையடி ஆழம் கிண்டுங்க. அதே மாதிரி ரெண்டடி தள்ளியும் ஒண்ணு. ரெண்டு இடத்து மண்ணையும் கையில பிடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க.

கிண்டும்போதே தண்டோட அடியையும் பாத்துடுங்க. மண்ணைத் தொடும் இடத்துல தண்டு விரிஞ்சு வேரா மாறணும். கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்கினா ஆழமா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இலையோரம்:
இரண்டும் பார்த்தேன். தண்டருகே மண் உலர்ந்து பொடியாக உதிர்கிறது. இரண்டடி தள்ளி எடுத்தது பிடித்தால் உருண்டையாகிறது. தண்டு விரியும் இடம் இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இருந்தது. அதற்கு மேல் ஒரு வேர் தண்டைப் பாதி சுற்றி ஓடுகிறது, பென்சில் பருமன்.

களிமண்காரர்:
நினைச்சதுதான். முதல்ல பந்தை ஊற வைக்கணும். பந்தோட விளிம்பில் மூணு அங்குல உயரத்துக்கு மண்ணால வரப்புக் கட்டி வட்டப்பாத்தி போடுங்க. குழாயை மெல்லிய ஒழுக்கில் வெச்சு, 20 லிட்டர் போக அரை மணி நேரத்துக்குக் குறையாம பாத்துக்குங்க. மறுநாளும் அதே மாதிரி. உள்ளே ஈரம் ஏறினதும் வாரத்துக்கு ரெண்டு தடவை, அனல்காத்து அடிச்சா மூணு. காலையிலயே விடுங்க. நாள் கணக்கை நம்பாதீங்க, ரெண்டு அங்குலம் விரலை விட்டு ஈரம் தெரிஞ்சா அன்னைக்கு விட வேண்டாம். இந்த மரம் காய்ஞ்சாலும் கருகும், தண்ணி தேங்கி வேர் அழுகினாலும் கருகும். பாக்க ரெண்டும் ஒண்ணுதான்.

மேல் மண்ணை வேர் விரியும் மட்டத்துக்குக் கையால ஒதுக்குங்க. சுத்துற வேரை இப்ப வெட்ட வேண்டாம். இலை உதிர்ந்ததும் கூரான கத்தரியால தண்டை விட்டு விலகுற இடத்துல வெட்டி எடுத்துடுங்க. விட்டா நாலைஞ்சு வருஷத்துல தண்டு பருக்கும்போது கழுத்தை நெரிக்கும்.

தண்ணியை உப்பு போட்டு மென்மையாக்கும் கருவி இருக்கா? அந்த வழியா வர்ற தண்ணியை இதுக்கு விடாதீங்க. சோடியம் சேர்ந்தாலும் ஓரம் இப்படித்தான் கருகும்.

நிழல்வலை:
இடமாற்றம் பற்றி. இப்போது தோண்டினால் மரம் போய்விடும். இலை முழுக்க உதிர்ந்த பின், அல்லது மொட்டு உப்பும் முன். இரண்டே காலம்தான். கட்டைவிரல் பருமன் தண்டுக்கு ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்துக்குத் தாய்மண்ணோடு எடுங்கள். புதுக்குழி பந்தைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் பந்தின் உயரமே. கீழே மண்ணைக் கிளறினால் மரம் மறுபடி அமுங்கும். முதலில் வடிகால் பாருங்கள்: ஓரடிக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்காவிட்டால் அந்த இடம் வேண்டாம், அல்லது மேடு போட்டு நடவேண்டும்.

காலை நான்கு, ஐந்து மணிநேரம் வெயில், பிற்பகலில் நிழல். அதாவது வீட்டின் கிழக்குப் பக்கம். முழு நிழலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிளட்குட்டின் சிவப்புக்கு வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பச்சை கலந்த வெண்கல நிறமாகிவிடும்.

இந்தக் கோடைக்கு மேற்கே இரண்டு கம்பு நட்டு, 30 அல்லது 40 சதவீத நிழல்வலையைத் திரைபோலக் கட்டுங்கள், இலையிலிருந்து ஓரடி தள்ளி. மரத்தின் மேல் போர்த்தினால் காற்றோட்டம் நின்று உள்ளே வெந்துவிடும்.

அந்த இடத்தில் மூன்று சூடு சேருகிறது என்று வேரடிமண் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். வேர் சரியாகிவிட்டால் பிளட்குட்டை அந்த இடத்திலேயே இன்னொரு கோடை விட்டுப் பார்க்கலாம். வெயில் தாங்குவதில் நல்ல பெயர் எடுத்த ரகம் அது. ஒசகாசுகி, எம்பரர் ஒன் ஆகியவையும் அப்படியே. இலை சரிகைபோல ஆழமாகப் பிளந்திருக்கும் வெட்டிலை வகை எளிதில் கருகும் என்றாலும் செய்ரியு, தமுகெயாமா இரண்டும் ஓரளவு தாங்கும். உகிகுமோ போன்ற வெள்ளைப் புள்ளி ரகங்களையும், மஞ்சள் இலை கொண்ட ஷிரசவானம் ‘ஆரியம்’ (Aureum) ரகத்தையும் அந்தச் சுவர்ப்பக்கம் நினைக்கவே வேண்டாம். இன்னொன்று: குளிர்காலமே இல்லாத ஊரில் எந்த ரகமும் நிலைக்காது, இலை உதிர்த்து உறங்க அதற்குக் குளிர் வேண்டும்.

ஒட்டுக்குக் கீழே பச்சைத் துளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள். அது அடிக்கன்றின் துளிர், விட்டால் மேலே இருக்கும் பிளட்குட்டை அமுக்கிவிடும்.

இலையோரம்:
மென்மையாக்கும் கருவி இல்லை. கல்லை அள்ளிவிட்டேன், பாத்தி கட்டி முதல் 20 லிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே கருகிய ஓரம் பச்சை பிடிக்குமா?

வேரடிமண்:
பிடிக்காது. காய்ந்த திசு திரும்பாது, இலையுதிர்காலம் வரை அப்படியேதான் இருக்கும். பழுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள கோட்டைக் கவனியுங்கள். பத்து நாளில் அது நரம்பை நோக்கி நகராமல் நின்றிருந்தால் தண்ணீர் போய்ச் சேருகிறது. நகர்ந்தால் மறுபடி கிண்டி, பந்துக்குள் ஈரம் பாருங்கள்.