தெருக்கூத்து வீடியோ சில போன்களில் சத்தம் மட்டும் வருகிறது, எந்த ஃபார்மட்டில் ஏற்றுவது?

கூத்துக்கொட்டகை:
வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு ஜமாவின் (கூத்துக் குழு) கூத்துகளை விடிய விடியப் படமெடுத்து, அவர்களுடைய சொந்தத் தளத்தில் ஏற்றுகிறேன். 1080பி, நொடிக்கு 50 ஃபிரேம். எடிட் முடித்து எம்பி4 ஆக எடுத்து அப்படியே பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் ஐபோனில் அருமையாக ஓடுகிறது. ஜமா வாத்தியாரின் பழைய ஆண்ட்ராய்டில் திரை கறுப்பு, முகவீணையும் தாளமும் மட்டும் கேட்கின்றன. ஓடுகிற போன்களிலும் ப்ளே அழுத்தியபின் வெகுநேரம் வட்டம் சுற்றுகிறது. ஊருக்குள் டேட்டாவில் பார்த்தால் நின்று நின்று போகிறது. ஆடியவர்களே தங்கள் ஆட்டத்தைப் பார்க்க முடியாதது எனக்குத் தாங்கவில்லை. ஏவி1 கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கும் முறை) மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ராத்திரி கேமரா:
தம்பி, எம்பி4 என்பது வெறும் பெட்டிதான். உள்ளே எந்தக் கோடெக் இருக்கிறது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பார்த்து, வீடியோ பகுதியில் இருப்பதை இங்கே போடுங்கள்.

கூத்துக்கொட்டகை:
எச்இவிசி, மெயின் 10 ப்ரொஃபைல், 10 பிட், சராசரி பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா) 16 எம்பிபிஎஸ். ஆடியோ ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ்.

ராத்திரி கேமரா:
சரி, முதல் பிரச்சினை புரிந்துவிட்டது. எச்இவிசி என்றாலும் எச்.265 என்றாலும் ஒன்றுதான். ஐபோன்கள் 2017 முதல் அதிலேயே படமெடுக்கின்றன, அதனால்தான் உங்கள் போனில் சிக்கலே தெரியவில்லை. ஆண்ட்ராய்டில் அந்தந்த போனின் சிப்பைப் பொறுத்தது. 10 பிட் (நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதிவது) என்றால் பழைய சிப்புகள் கைவிரித்துவிடும். ஏஏசி எல்லாப் போனுக்கும் தெரியும் என்பதால் சத்தம் மட்டும் வருகிறது.

ஏவி1 இதைத் தீர்க்காது. 2018இல் வந்த கோடெக் அது. ஐபோன்களில் 15 ப்ரோ முதல்தான் அதற்கான வன்பொருள் உண்டு, பழைய ஆண்ட்ராய்டில் ஓடினாலும் பேட்டரியைக் குடித்துவிடும். 2003இல் வந்த எச்.264தான் இன்றும் எல்லாக் கருவியிலும் ஓடும். 8 பிட், 4:2:0, ஹை ப்ரொஃபைல், ஏஏசி ஆடியோ: முதலில் இதைத் தயார் செய்யுங்கள். ஏவி1ஐ இன்னொரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், இதற்குப் பதிலாக வேண்டாம்.

சர்வர் பக்கம்:
வட்டம் சுற்றுவதற்குக் காரணம் வேறு. எம்பி4 கோப்பில் ‘மூவ்’ என்றொரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணை அதில்தான் இருக்கிறது. எல்லா ஃபிரேமும் எழுதி முடிந்த பிறகே அட்டவணை முழுமையாகும் என்பதால், பல மென்பொருள்கள் அதைக் கோப்பின் கடைசியில் வைத்துவிடுகின்றன. பிரௌசர் அதைத் தேடி வால்வரை போய் வர வேண்டும். கோப்பின் நடுவிலிருந்து துண்டு கேட்டால் கொடுக்கத் தெரியாத சர்வராக இருந்தால், முழுக் கோப்பும் இறங்கும்வரை படமே வராது. வீடியோ மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ கொடுங்கள், ஹேண்ட்பிரேக் என்றால் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ டிக் செய்யுங்கள். அட்டவணை முன்னால் வந்துவிடும். இதற்கு மட்டும் என்றால் மறுபடி என்கோட் செய்யக்கூடத் தேவையில்லை.

நின்று நின்று ஓடுவது பிட்ரேட்டால். 16 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 7.2 ஜிபி, எட்டு மணி நேரக் கூத்துக்கு 57 ஜிபிக்கு மேல். ஊர் டேட்டாவில் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரே கோப்பாக வைக்காமல் எச்எல்எஸ் ஆக்குங்கள், அதாவது பல தரங்களில் சிறு துண்டுகளாக வெட்டி வையுங்கள். 1080பிக்கு 6.5 எம்பிபிஎஸ், 720பிக்கு 3.5, 480பிக்கு 1.2, 360பிக்கு 0.6 என நான்கு தரம் போதும். கீழ் இரண்டையும் 25 ஃபிரேமாகக் குறைத்துவிடலாம். நான்கும் சேர்ந்து மணிக்குச் சுமார் 5.3 ஜிபிதான் சர்வரில் இடம் பிடிக்கும். வேகத்தைப் பார்த்து ப்ளேயரே தரத்தை மாற்றிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். நான்கு தரத்திலும் கீஃபிரேம் (மற்ற ஃபிரேமைச் சாராமல் தனியே முழுப் படமாக இருப்பது) ஒரே நொடியில் விழ வேண்டும். இரண்டு நொடிக்கு ஒன்று என்று கட்டுங்கள்: 50 ஃபிரேமுக்கு 100, 25 ஃபிரேமுக்கு 50. காட்சி மாறும்போது தானாகக் கீஃபிரேம் போடுவதை அணைத்துவிட்டு, ஆறு நொடித் துண்டுகளாக வெட்டுங்கள். கீஃபிரேம் தாறுமாறாக விழுந்தால் தரம் மாறும் இடத்தில் படம் குதிக்கும்.

மடிக்கணினி மட்டும்:
யூடியூபில் போட்டால் இதையெல்லாம் அவர்களே செய்துவிடுவார்களே? மூலக் கோப்பை ஏற்றினால் போதுமே.

கூத்துக்கொட்டகை:
அங்கேயும் போடுவோம் நண்பரே. ஆனால் ஜமாவின் முழுத் தொகுப்பும் அவர்கள் கையிலேயே, விளம்பரம் குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்று வாத்தியார் உறுதியாக இருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ராத்திரி கேமரா:
நல்ல முடிவு. கூத்துக்கென்றே இரண்டு விஷயம் சொல்கிறேன். கிரீடத்திலும் புஜக்கீர்த்தியிலும் கண்ணாடிச் சில்லுகள் மின்னும், ஆள் கிறுகிறுவென்று சுற்றுவார், பின்னால் முழு இருட்டு. என்கோடருக்கு இதைவிடக் கஷ்டமான காட்சி கிடையாது. மின்னும் இடத்துக்கே பிட் எல்லாம் போய், இருட்டு கட்டம் கட்டமாக உடையும். எச்.264 என்கோடரான எக்ஸ்264இல் ‘ஏக்யூ மோட்’ என்பதை 3 என வையுங்கள், அது இருட்டுப் பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். என்கோட் செய்யும் முன் லேசாக டீநாய்ஸ் (புள்ளி நீக்கம்) கொடுங்கள். உயர்ந்த ஐஎஸ்ஓவில் வந்த புள்ளிகளுக்குப் பிட்டைச் செலவழிப்பது வீண். ரொம்பவும் கொடுத்தால் அரிதாரம் மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும், கவனம்.

கூத்துக்கொட்டகை:
அண்ணே, சொன்னபடி செய்தேன். விஎல்சியில் எம்3யு8 (துண்டுகளின் பட்டியல்) இணைப்பைக் கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் கணினி குரோமில், எச்எல்எஸ்.ஜேஎஸ் ப்ளேயரில் ‘நெட்வொர்க் எரர்’ வருகிறது.

சர்வர் பக்கம்:
துண்டுகளை வேறு டொமைனில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது சிஓஆர்எஸ், வேறு டொமைனிலிருந்து எடுக்க பிரௌசர் அனுமதி பார்க்கும் விதி. விஎல்சி அதைப் பார்க்காது, பிரௌசர் பார்க்கும். துண்டுகள் இருக்கும் சர்வரில் உங்கள் தளத்துக்கு அனுமதி ஹெடர் சேருங்கள். எம்3யு8க்கு மட்டுமல்ல, துண்டுகளுக்கும் சேர்த்து.

கூத்துக்கொட்டகை:
ஸ்டோரேஜ் வேறு டொமைன்தான். ஹெடர் சேர்த்ததும் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. வாத்தியார் போனிலும் படம் வந்துவிட்டது, ஆனால் வைஃபையில் 1080பிக்குத் தாவினால் மட்டும் திணறுகிறது.

ராத்திரி கேமரா:
50 ஃபிரேம் 1080பிக்கு எச்.264இல் லெவல் (சிப்புக்கு எவ்வளவு சுமை என்ற படிநிலை) 4.2 வேண்டும், பழைய சிப் அதற்கு மூச்சு வாங்கும். திரையில் ப்ளேயர் பிடிக்கும் அளவுக்கு மேல் தரம் ஏறாமல் இருக்க எச்எல்எஸ்.ஜேஎஸ்ஸில் ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பழைய போனில் பெரும்பாலும் 720பியோடு நின்றுகொள்ளும். அப்புறம், 10 பிட் மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள், இரண்டு வட்டில் தனித்தனியாக வையுங்கள். நாளைக்கு ஏவி1 போடுவதென்றால் அதிலிருந்துதான் போட வேண்டும், இந்த எச்.264இலிருந்து அல்ல.